எஸ்எம்எஸ், பேமென்ட் ஏபிஐ எல்லாம் ஓடுகிறதா என்று எப்படிப் பார்க்கிறீர்கள்?

கொழுந்துக்கூடை (கோத்தகிரி)
திங்கள், இரவு 9:40

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரி பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு இலை எடை போடும் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். விவசாயி பச்சை இலையைக் கொண்டுவந்து தராசில் வைத்ததும் எத்தனை கிலோ, ஈரத்துக்கு எவ்வளவு கழித்தோம் என்று அவர் போனுக்கு எஸ்எம்எஸ் போகும். மாதம் ஒருமுறை இலைப் பணம் அவர் வங்கிக் கணக்குக்குப் போகும். இரண்டுமே வெளியார் ஏபிஐ, அதாவது எங்கள் புரோகிராம் அவர்கள் சர்வரைக் கூப்பிட்டு வேலை வாங்கும் வழி. நாளை மழை உண்டா என்று காட்ட ஒரு வானிலை ஏபிஐயும் இருக்கிறது. எல்லாம் பிஎச்பி என்ற மொழியில் எழுதியது. தொழிற்சாலை ஆபீஸிலேயே ஒரு பழைய லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஓடுகிறது.

வெளியார் சர்வர் படுத்தால் எங்கள் திரையும் உறைந்து நிற்கக் கூடாது என்று, ஒவ்வொரு தடவையும் முதலில் அந்த சர்வருக்கு ஒரு பிங் ('இருக்கிறாயா?' என்று கேட்கும் சின்னச் செய்தி) அனுப்புகிறேன். பதில் வந்தால் பச்சை விளக்கு, வராவிட்டால் சிவப்பு. பச்சை என்றால்தான் ஏபிஐயைக் கூப்பிடுவேன்.

போன வாரம் இரண்டு கூத்து. செவ்வாய்க்கிழமை காலையில் மூன்று மணி நேரம் ஒருத்தருக்கும் எஸ்எம்எஸ் போகவில்லை. விளக்கோ பச்சையாகவே இருந்தது. வெள்ளிக்கிழமை எல்லா விளக்கும் சிவப்பு. எஸ்எம்எஸ் கம்பெனிக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். "சார், எங்களிடம் எல்லாம் ஓடுகிறது, உங்கள் நெட்டைப் பாருங்கள்" என்றார் அந்தப் பையன். வெளியே போய்ப் பார்த்தால், ரோட்டோரம் தோண்ட வந்த ஜேசிபி எங்கள் ஃபைபரை அறுத்துப் போட்டிருக்கிறது. மானம் போனது.

வெளியார் ஏபிஐ உயிரோடு இருக்கிறதா என்று உருப்படியாகப் பார்க்க என்ன வழி?


பர்லியார்_வளைவு (குன்னூர்)
திங்கள், இரவு 10:25

தம்பி, பிங்கை முதலில் தூக்கிப் போடுங்கள். பிங் போவது ஐசிஎம்பி என்ற வேறு நெறிமுறையில். உங்கள் ஏபிஐ ஓடுவது எச்டிடிபிஎஸ்ஸில். நிறைய கம்பெனிகள் ஃபயர்வாலிலேயே பிங்கை அடைத்து வைத்திருப்பார்கள், அங்கே ஏபிஐ நன்றாக ஓடும், உங்களுக்குச் சிவப்பு வரும். அதற்கு நேர் எதிராக, பிங்குக்குப் பதில் சொல்வது முன்னால் நின்று நகல் பக்கங்களைக் கொடுக்கும் சிடிஎன் அல்லது வேலையைப் பல சர்வர்களுக்குப் பிரித்துவிடும் லோட் பேலன்சராக இருக்கும். பின்னால் வேலை செய்கிற சர்வர் செத்துக் கிடந்தாலும் வாசலில் நிற்பவர் "வாங்க வாங்க" என்பார்.

ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் திறந்திருக்கிறது, ஆள் இருக்கிறார், அரிசி மூட்டையும் இருக்கிறது. கைரேகை மிஷின் மட்டும் "சர்வர் இல்லை" என்கிறது. கடை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? பை காலியாகத் திரும்புகிறவரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒரு ஏபிஐ அழைப்பு போய்ச் சேரப் பல படிகள் உண்டு. பெயரை ஐபி எண்ணாக மாற்றும் டிஎன்எஸ், அப்புறம் இரண்டு கம்ப்யூட்டரும் தொடர்புகொள்ளும் டிசிபி இணைப்பு, அப்புறம் சான்றிதழைப் பார்த்து ரகசியமாகப் பேச ஒத்துக்கொள்ளும் டிஎல்எஸ் கைகுலுக்கல், அப்புறம் எச்டிடிபி பதில், கடைசியில் அந்தப் பதிலுக்குள் இருக்கிற விஷயம். எந்தப் படியில் வழுக்கியது என்று தனித்தனியாக லாக் எழுதுங்கள். "ஏபிஐ டவுன்" என்ற ஒரே வார்த்தையை எழுதி வைத்தால் நாளைக்கு யாரிடம் சண்டை போடுவது என்றே தெரியாது.

பதில் எண்களையும் பிரித்துப் படிக்க வேண்டும். 401 வந்தால் சர்வர் உயிரோடுதான் இருக்கிறது, உங்கள் சாவிதான் (நீங்கள் யார் என்று காட்டும் ரகசியக் குறி) தப்பு. 429 என்றால் நீங்கள் அளவுக்கு மீறித் தட்டுகிறீர்கள். 503 என்றால் இப்போது முடியாது என்கிறார்கள். இந்த இரண்டிலும் எத்தனை விநாடி கழித்து வரச் சொல்கிறார்கள் என்பதை ரிட்ரை-ஆஃப்டர் என்ற ஹெட்டரில் சொல்லியிருக்கலாம், பாருங்கள். 502, 504 என்றால் வாசல்காரர் இருக்கிறார், உள்ளே ஆள் இல்லை. இவை எல்லாவற்றையும் விட மோசமானது, 'எல்லாம் சரி' என்று பொருள்படும் 200 வந்து, உள்ளே "எரர்" என்று எழுதியிருப்பது. இந்தியாவில் எஸ்எம்எஸ் ஏபிஐ தொட்ட யாருக்கும் இதைச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. பிஎச்பியில் ஏபிஐயைக் கூப்பிட கர்ல் என்ற கருவியைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் டைம்அவுட், அதாவது காத்திருக்கும் நேர வரம்பு, வைத்தீர்களா? ஒன்றும் சொல்லாவிட்டால் இணைப்புக்கு மட்டும் 300 விநாடி வரை காத்திருக்கும். இணைந்த பிறகு பதிலுக்குக் காத்திருக்க வரம்பே கிடையாது. பிஎச்பியே 30 விநாடியில் நிறுத்திவிடும் என்று நம்ப வேண்டாம், லினக்ஸில் அந்தக் கணக்கு நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கும் நேரத்தைச் சேர்த்துக்கொள்ளாது. உங்கள் திரை உறைந்ததற்கு வெளியார் சர்வர் பாதிக் காரணம், இது பாதிக் காரணம்.


மஞ்சூர்_மழை
செவ்வாய், காலை 6:55

இவ்வளவு எதற்கு? தங்கள் சேவை ஓடுகிறதா என்று காட்டும் ஸ்டேட்டஸ் பக்கம் பெரும்பாலான கம்பெனிக்கு இருக்கிறது. அதைப் பார்த்தால் போதாதா? சில பக்கங்கள் ஜேசன் வடிவில்கூடத் தருகின்றன, நம் புரோகிராமே படித்துக்கொள்ளலாம்.


பர்லியார்_வளைவு (குன்னூர்)
செவ்வாய், காலை 7:30

படிக்கலாம். நம்பத்தான் கூடாது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை விழுந்தது. பில்லிங் பகுதியில் ஒரு கோளாறைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கட்டளையில் ஒன்றைத் தப்பாகத் தட்ட, நினைத்ததை விட அதிக சர்வர்கள் கழன்றன. அமெரிக்காவின் பாதி இணையதளம் திணறிக்கொண்டிருந்தபோது அவர்களுடைய ஸ்டேட்டஸ் பக்கம் எல்லாவற்றுக்கும் பச்சை காட்டியது. காரணம், அந்தப் பக்கத்தை மாற்றும் கருவியே எஸ்3 மேல்தான் உட்கார்ந்திருந்தது! கடைசியில் ட்விட்டரில் போய் "பிரச்சினை இருக்கிறது" என்று சொன்னார்கள்.

2021 அக்டோபர் 4 இரவு ஃபேஸ்புக், வாட்ஸப் எல்லாம் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போனது நினைவிருக்கும். அன்று என் அம்மா போனைக் கழற்றி மாட்டச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டார். அங்கே சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பராமரிப்பு வேலையில் அவர்களின் டேட்டா சென்டர்களை இணைக்கும் வலை அறுந்து, டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் வழியே இணைய வரைபடத்திலிருந்து மறைந்துவிட்டது. நம் பக்கத்திலிருந்து பார்த்தால் "அப்படி ஒரு பெயரே இல்லை" என்பது போலத் தெரிந்தது. அதனால்தான் எந்தப் படி என்று எழுதச் சொன்னேன்.

ஸ்டேட்டஸ் பக்கம் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டுக்கு நல்லது. நாடி பிடிக்க உதவாது.


லவ்டேல்_லினக்ஸ்
செவ்வாய், மதியம் 1:10

நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. முன்கூட்டியே பார்ப்பது என்பதே வேண்டாத வேலை.

மேட்டுப்பாளையம் இறங்கப் போகிறோம். "ரோடு திறந்திருக்கிறதா?" என்று தெரிந்தவருக்குப் போன் போடுகிறோம். திறந்திருக்கிறது என்கிறார், அவர் சொன்னது உண்மைதான். நாம் காட்டேரி தாண்டுவதற்குள் பர்லியாரில் ஒரு மரம் விழுகிறது. போன் போட்டதில் என்ன லாபம்? பிங் பார்த்துவிட்டு ஏபிஐயைக் கூப்பிடுவதும் இதே கதை. பார்த்த நொடிக்கும் கூப்பிட்ட நொடிக்கும் நடுவில் எதுவும் நடக்கலாம். அதனால் பிங் பச்சை என்றாலும் தோல்வியைக் கையாளும் புரோகிராமை எழுதித்தான் ஆக வேண்டும். அதை எழுதிவிட்டால் பிங் எதற்கு?

குறைவான டைம்அவுட்டோடு நேராகக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு அழைப்பின் முடிவையும் நேரத்தையும் ஒரு டேபிளில் போடுங்கள். அந்த டேபிள்தான் உங்கள் கண்காணிப்பு. நாளைக்கு 300 பேர் இலை போடுகிறார்கள் என்றால் 300 தடவை அந்த ஏபிஐயைச் சோதித்த மாதிரி. அதைவிட நேர்மையான சோதனை எதுவும் கிடையாது.

வழி அடைத்தால் என்ன செய்வது என்பதைத்தான் யோசிக்க வேண்டும். குன்னூர் பாதை அடைத்தால் கோத்தகிரி வழியாக இறங்குகிறோம் இல்லையா, அதுபோல. எஸ்எம்எஸ்ஸுக்கு இன்னொரு கம்பெனியை வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பணம் இல்லை என்றால் ஒரு வரிசை போதும்: எடை போட்டதும் செய்தியை டேபிளில் எழுதிவிட்டுத் திரையை விடுவித்துவிடுங்கள். பின்னால் ஒரு தனி ஸ்கிரிப்ட் அதை எடுத்து அனுப்பட்டும். விவசாயி எஸ்எம்எஸ் கம்பெனிக்காகத் தராசு முன்னால் நிற்க வேண்டியதில்லை.

கூடவே ஒரு சர்க்யூட் பிரேக்கர். வீட்டு எம்சிபி மாதிரிதான். தொடர்ந்து ஐந்து தோல்வி என்றால் ட்ரிப் ஆகட்டும், ஒரு நிமிடம் யாரும் அந்த ஏபிஐ பக்கம் போகக் கூடாது. அப்புறம் ஒரே ஒரு அழைப்பு, அது போனால் மேலே தள்ளிவிடுங்கள், போகாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம். படுத்துக் கிடப்பவரை எல்லாரும் சேர்ந்து உலுக்கினால் எழுந்திருக்கவே மாட்டார்.


கொழுந்துக்கூடை (கோத்தகிரி)
செவ்வாய், இரவு 8:05

லவ்டேல் அண்ணா, வரிசை விஷயம் மண்டையில் ஏறியது. நன்றி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இலை எடுப்பதில்லை. சனி மதியத்துக்கு மேல் திங்கள் காலை வரை ஒரு அழைப்பும் போகாது. திங்கள் காலை முதல் விவசாயிதான் பலியாடு. அதற்காகவாவது முன்னாடி பார்க்க வேண்டாமா?

அப்புறம் வெள்ளிக்கிழமைக் கூத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை.


பர்லியார்_வளைவு (குன்னூர்)
செவ்வாய், இரவு 9:15

அந்த இடைவெளிக்குச் செயற்கைச் சோதனை தேவைதான், லவ்டேல்காரர் இதை ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். செலவில்லாத, எதையும் மாற்றாத ஒரு அழைப்பைத் தேர்ந்தெடுங்கள். எஸ்எம்எஸ் ஏபிஐ என்றால் "என் கணக்கில் எவ்வளவு பாக்கி" என்று கேட்கும் அழைப்பு இருக்கும். டிஎன்எஸ், டிஎல்எஸ், உங்கள் சாவி, அவர்களுடைய டேட்டாபேஸ் என்று பெரும்பாலும் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வரும். பாக்கி குறைந்தால் தெரிவதும் இனாம். முகப்புப் பக்கத்தைக் கேட்காதீர்கள், அது சிடிஎன் சேமித்து வைத்த நகலிலிருந்து சிரித்துக்கொண்டே வரும். தலைப்பை மட்டும் கேட்கும் ஹெட் அழைப்பும் எல்லா இடத்திலும் வேலை செய்யாது. சில சர்வர்கள் 'இப்படிக் கேட்க அனுமதி இல்லை' என்ற 405ஐத் திருப்பி அனுப்பும், நீங்கள் டவுன் என்று எழுதி வைப்பீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போதும். ஒரு தோல்விக்கே அலறாமல் மூன்று தொடர்ந்து வந்தால் அலாரம்.

இனி வெள்ளிக்கிழமை. வீட்டில் கரண்ட் போனால் முதலில் என்ன செய்வோம்? மின்வாரியத்துக்குப் போன் போடுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்ப்போம். அங்கே எரிந்தால் நம் ஃபியூஸ். தெருவே இருட்டு என்றால்தான் அவர்கள். புரோகிராமுக்கும் இந்தப் புத்தியைச் சொல்லிக்கொடுங்கள். ஏபிஐ தோற்றால் உடனே உங்கள் ரவுட்டரைக் கேட்கட்டும், அப்புறம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பெரிய இணையதளங்களைக் கேட்கட்டும். ரவுட்டர் பதில் சொல்லி இரண்டு தளமும் வராவிட்டால் "நம் லைன்". அவை வந்து ஏபிஐ மட்டும் வராவிட்டால் "அவர்கள் பக்கம்". சிவப்பு, பச்சை என்று இரண்டே நிறம் வைத்ததுதான் உங்கள் கோளாறு. மூன்றாவதாக ஒரு மஞ்சள் வையுங்கள்.

முடிந்தால் மலைக்கு வெளியே, மும்பையிலோ சென்னையிலோ ஒரு சின்ன வாடகை சர்வரிலிருந்தும் இதே சோதனையை ஓட்டுங்கள். இரண்டு இடத்திலிருந்தும் தோற்றால்தான் அவர்களிடம் சத்தம் போடும் உரிமை வரும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நம் ஊரில் ஒரே கோணத்திலிருந்து பார்த்து உலகத்தைப் பற்றி முடிவு சொல்லக் கூடாது.


லவ்டேல்_லினக்ஸ்
செவ்வாய், இரவு 9:22

ஒத்துக்கொள்கிறேன். அரை மனதாக.


பேரிஜம்_அக்கா (கொடைக்கானல்)
புதன், காலை 11:00

பக்கத்து வீட்டு விளக்கு உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன், அண்ணா. இங்கே நான் சில ஹோம்ஸ்டேக்களுக்கு புக்கிங் தளம் நடத்துகிறேன். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் உங்கள் நீலகிரிக்கும் இ-பாஸ் வந்ததிலிருந்து "இ-பாஸ் சைட் திறக்கவில்லை" என்று விருந்தினர்கள் எனக்குப் போன் செய்கிறார்கள், அதை நான் நடத்துவது போல! "எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், பல பேர் வத்தலகுண்டு தாண்டி மலை ஏறிக்கொண்டிருக்கிறார்கள். போனில் ஒரு கோடு சிக்னல். கீழேயே எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று இப்போது புக்கிங் மெயிலிலேயே எழுதிவிட்டேன்.

ஆனால் தம்பி, நான் சொல்ல வந்தது உங்கள் இலைப் பணம் பற்றி. எஸ்எம்எஸ்ஸை மறுபடி அனுப்புவது மாதிரி அதைச் செய்துவிடாதீர்கள். டைம்அவுட் என்றால் "நடக்கவில்லை" என்று அர்த்தமில்லை. "நடந்ததா என்று எனக்குத் தெரியாது" என்றுதான் அர்த்தம். உங்கள் கோரிக்கை அங்கே போய்ச் சேர்ந்து, பணமும் நகர்ந்து, பதில் திரும்பி வரும் வழியில் லைன் போயிருக்கலாம்.

எனக்கு நடந்தது இது. ஒரு சீசன் நேரம், ரத்தான புக்கிங்குக்கு ரீஃபண்ட் அனுப்பினேன். பேமென்ட் கம்பெனியிலிருந்து பதில் வரவில்லை. என் கோட் சமர்த்தாக இன்னொரு தடவை அனுப்பியது. அதற்கும் பதில் இல்லை, மூன்றாவது தடவை. சாயங்காலம் பார்த்தால் ஒருவருக்கே மூன்று ரீஃபண்ட். நல்ல மனிதர், இரண்டைத் திருப்பி அனுப்பினார். எல்லாரும் அப்படி இருப்பார்களா?

அன்றிலிருந்து பழக்கம் இது: கூப்பிடுவதற்கு முன்னாலேயே நானே ஒரு தனி எண்ணை உருவாக்கி டேபிளில் எழுதிவிடுவேன். அதே எண்ணை ஏபிஐக்கும் அனுப்புவேன். ஒரே எண் இரண்டு தடவை வந்தால் ஒரே தடவையாக எடுத்துக்கொள்ளும் வசதி பல பேமென்ட் ஏபிஐகளில் உண்டு, ஐடெம்பொட்டன்சி கீ என்பார்கள். உங்கள் கம்பெனியில் உண்டா என்று ஆவணத்தைப் படியுங்கள். இல்லாவிட்டால், பதில் வராதபோது மறுபடி அனுப்பாமல் "இந்த எண்ணுக்கு என்ன ஆயிற்று?" என்று நிலையைக் கேளுங்கள். கேட்பது எத்தனை தடவையும் கேட்கலாம். அனுப்புவது அப்படியில்லை.


கூடலூர்க்காரன்
புதன், மாலை 4:45

அக்கா சொன்னது தங்கம்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணி நேரத்தை யாரும் தொடவில்லையே என்று எழுதுகிறேன். எஸ்எம்எஸ் ஏபிஐ அப்போது 200 கொடுத்ததா? கொடுத்திருந்தால் அந்த 200க்கு "உன் செய்தியை வாங்கி வரிசையில் வைத்தேன்" என்பது மட்டும்தான் பொருள். தபால் பெட்டியில் கடிதம் விழுந்த சத்தம் அது.

நம் நாட்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 ஒழுங்குமுறைப்படி வணிகச் செய்திகளுக்கு டிஎல்டி என்ற பதிவேட்டில் பதிவு வேண்டும். யார் அனுப்புகிறார்கள், எந்தத் தலைப்பெழுத்து (அனுப்புநராகத் தெரியும் பெயர்), செய்தியின் வாசகம் என்ன என்று எல்லாம். பதிவு செய்த டெம்ப்ளேட்டோடு ஒத்துப்போகாத செய்தியைத் தொலைபேசி நிறுவனங்கள் வழியிலேயே நிறுத்திவிடும். 2021 மார்ச் 8 அன்று இந்தச் சல்லடையை முழுசாகப் போட்டபோது நாடு முழுக்க ஓடிபி வராமல் அல்லாடினார்கள், மறுநாளே டிராய் ஒரு வாரத்துக்கு நிறுத்தி வைத்தது. அன்றும் எத்தனையோ ஏபிஐகள் சமர்த்தாக 200 சொல்லிக்கொண்டிருந்திருக்கும்.

அதனால் டெலிவரி ரிப்போர்ட்டைப் பாருங்கள். அவர்கள் உங்கள் சர்வருக்கு அனுப்பி வைப்பார்கள், அல்லது நீங்கள் செய்தி எண்ணைக் கொடுத்துக் கேட்கலாம். கடைசி அரை மணியில் அனுப்பியதில் எத்தனை போய்ச் சேர்ந்தது என்ற கணக்குதான் உங்கள் உண்மையான பச்சை விளக்கு. அன்று செய்தி வாசகத்தில் யாராவது கை வைத்தார்களா?


கொழுந்துக்கூடை (கோத்தகிரி)
புதன், இரவு 7:30

அண்ணா!! நீங்கள் எந்தக் கோயில் பூசாரி?

திங்கள் சாயங்காலம் மேனேஜர் கேட்டார் என்று செய்தியின் கடைசியில் "நன்றி, மீண்டும் வருக" என்று நான்தான் சேர்த்தேன். செவ்வாய் காலை மெஷின் பராமரிப்பு என்று வேறு ஒரு வாசகத்தைப் போடப் போனவன் பழையதையே திரும்ப ஒட்டியிருக்கிறேன், அதனால்தான் மூன்று மணி நேரத்தில் தானாகச் சரியானது மாதிரி தெரிந்தது. லாக்கில் பார்த்தேன், அத்தனைக்கும் 200. தமிழ்ச் செய்தி யூனிகோட் என்பதால் 70 எழுத்தைத் தாண்டி இரண்டு எஸ்எம்எஸ் காசும் ஆகியிருக்கும், போய்ச் சேர்ந்திருந்தால்.

அந்த எஸ்எம்எஸ் பையனிடம் இரண்டாவது மன்னிப்பும் கேட்க வேண்டும்.


மஞ்சூர்_மழை
புதன், இரவு 8:10

நன்றி சொல்லப் போய் நின்றுபோன முதல் ஏபிஐ இதுதான்.

என்னுடைய கதை ஒன்று. ஊரில் ஒரு கடையில் எல்லா ஏபிஐயும் ஒரே நாளில் செத்தது. பிரவுசரிலும் பாதித் தளம் திறக்கவில்லை, சான்றிதழ் சரியில்லை என்றது. ரவுட்டரை மாற்றினோம், கேபிளை மாற்றினோம். கடைசியில் பார்த்தால் முதல் நாள் இரவு கரண்ட் போய் வந்ததில் கம்ப்யூட்டரின் தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தது. மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்திருக்கிறது. தேதி தப்பானால் டிஎல்எஸ் சான்றிதழ் "இன்னும் செல்லுபடியாகவில்லை" ஆகிவிடும். பழைய கம்ப்யூட்டர் என்று சொன்னீர்களே, அதனால் எழுதினேன். 2021 செப்டம்பர் 30 அன்று இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் நம்பியிருந்த பழைய ரூட் (மூல) சான்றிதழ் காலாவதியானபோதும் அப்டேட் செய்யாத பழைய சிஸ்டம்களில் இதே மாதிரி ஆனது. சர்வரில் ஒரு குறையும் இல்லை.


லவ்டேல்_லினக்ஸ்
வியாழன், காலை 10:20

தொழிற்சாலைக்காரரிடம் ஒரு கணக்கும் சொல்லி வையுங்கள், நூற்றுக்கு நூறு எதிர்பார்ப்பார். 99.9 சதவீதம் என்று ஒரு கம்பெனி உறுதி கொடுத்தால் 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் படுத்தாலும் அவர்கள் வாக்கு தவறவில்லை. அப்படி மூன்று பேரை ஒருவர் பின் ஒருவராக நம்பி உங்கள் வேலை ஓடுகிறது என்றால் 99.7, அதாவது இரண்டு மணி நேரத்துக்கு மேல். இதில் நம் ஊர் கரண்டையும் ஜேசிபியையும் சேர்க்கவே இல்லை.


கூடலூர்க்காரன்
வியாழன், மதியம் 12:40

வானிலை ஏபிஐயை மறந்துவிட்டோம். அதற்கு இவ்வளவு பாடு வேண்டாம், கடைசியாக வந்த பதிலைச் சேமித்து "காலை 6 மணி நிலவரம்" என்று நேரத்தோடு காட்டினால் போதும். ஆனால் அவர்கள் அனுப்பும் மெயிலைப் படியுங்கள். டார்க் ஸ்கை என்று எல்லாரும் பயன்படுத்திய ஒரு ஏபிஐ இருந்தது. ஆப்பிள் 2020இல் அதை வாங்கியது, 2023 மார்ச் 31உடன் ஏபிஐயை மூடியது. முன்பே சொல்லிவிட்டுத்தான் மூடினார்கள். மெயில் படிக்காதவர்களுக்கு அது "திடீரென்று டவுன்".


கொழுந்துக்கூடை (கோத்தகிரி)
அடுத்த வாரம் சனி, இரவு 8:50

எல்லாருக்கும் நன்றி. செய்தவற்றை எழுதுகிறேன், பின்னால் தேடி வருபவர்களுக்கு உதவும்.

பிங் போய்விட்டது. இணைப்புக்கு 3 விநாடி, மொத்தம் 10 விநாடி என்று வரம்பு வைத்தேன். எஸ்எம்எஸ் எல்லாம் வரிசை வழியாக. பணத்துக்கு அக்கா சொன்னபடி தனி எண், பதில் வராவிட்டால் நிலை மட்டும் கேட்கிறது. திரையில் இப்போது விளக்கு கிடையாது, "நம் லைன்", "அவர்கள் பக்கம்", "போய்ச் சேரவில்லை" என்று வார்த்தையாகவே வருகிறது. மதர்போர்டு பேட்டரியும் மாற்றிவிட்டேன்.

இன்று காலை 11:20க்கு லைன் போனது. "நம் லைன்" என்று வந்தது, யாருக்கும் போன் போடவில்லை. எடை போடும் வேலை நிற்கவில்லை. 1:05க்கு லைன் வந்ததும் 64 செய்தி வரிசையில் நின்றது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தள்ளினேன், 429 வாங்கிக்கொண்டேன். இப்போது இரண்டு விநாடிக்கு ஒன்று.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. காலையில் போட்ட எடைக்கு மதியம் எஸ்எம்எஸ் வந்ததும், "எங்கள் இலையை மறுபடி எடை போட்டீர்களா?" என்று மூன்று பேர் நேரிலேயே வந்துவிட்டார்கள். செய்தியில் எடை போட்ட நேரத்தையும் சேர்க்க வேண்டும். இந்தத் தடவை டெம்ப்ளேட்டை முதலில் பதிவுக்கு அனுப்பிவிட்டேன். அனுமதி வரும் வரை புரோகிராமில் கை வைப்பதாக இல்லை.